சாவிப் பலகை

பாபு ராவ் தெருவில் நாலு மாடி லாட்ஜ்.
கீழே மருந்துக் கடை. பக்கத்து மெஸ்ஸில்
மீன் சாப்பாட்டு போர்டு வங்காளத்தில் இருக்கும்.
எனக்குப் படிக்கத் தெரியாது, பேச வரும்.
பதினேழு வருஷம் இந்த மேஜையில் உட்கார்ந்தால்
சுவருக்கும் பேச வரும்.

காய்ச்சல் எட்டு நாள். இருமல் ஒரு மாதம்.
"உனக்கு லேசாத்தான் வந்துச்சு, ஏகாம்பரம்,
குடுத்து வெச்சவன்" என்றார் முதலாளி.
நானும் அப்படித்தான் நினைத்தேன்,
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி விட்டு கஸ்தூரி வந்து
பக்கத்தில் உட்கார்ந்தும்
நான் முகம் சுளிக்காத அந்தச் சாயங்காலம்வரை.
தோல், பசை, வியர்வை.
கல்யாணமானதிலிருந்து சண்டை போட்ட வாசனை.
"என்ன, இன்னிக்கு ஒண்ணும் சொல்லல?"
அவள் தோளில் முகர்ந்தேன்.
கழுவிக் கவிழ்த்த தம்ளர் போலிருந்தாள்.

மூக்கு பாதி திரும்பியது, அதுவும் கோணலாக:
காபி இன்றைக்கும் எரிந்த ரப்பர்.
அதை விடுங்கள். போனது வேறு.

இரண்டு வருஷமாக, மத்தியானம் மூன்று மணிக்கு
மண்டைக்குள் யாரோ ஈரத்துணி விரிக்கிறார்கள்.
ஆதார் எண்ணை நாலு நாலாக உடைத்து எழுதினாலும்
பேனா காகிதத்தைத் தொடுமுன் ஒரு நாலு உதிர்ந்துவிடும்.
மாடி ஏறுவேன்; எதற்கு என்று படி கேட்கும்.
ஆட்களின் பெயர் போகவில்லை, ஆச்சரியம்.
சில்லறைச் சாமான்கள்தான்.
வாளி. தாழ்ப்பாள். ஸ்டேப்ளர்.
வாசல்வரை வந்து, செருப்பையும் கழற்றிவிட்டு,
உள்ளே வராமல் திரும்பிப் போகின்றன.

ரோட்டைத் தாண்டினால் நாடே தேடி வரும் ஆஸ்பத்திரி.
ஊருக்கெல்லாம் வழி சொன்ன நான்
டோக்கன் வாங்கி வரிசையில் நின்றேன்.
சின்ன வயசு டாக்டரம்மா கடிகாரம் வரையச் சொன்னார்.
வரைந்தேன்.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
அப்புறம் ஜன்னலில் ஒரு புறா.
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்,
அதை நல்ல செய்தி போலச் சொல்லாமல்.
"இது மாதிரி நிறைய பேர் வர்றாங்க.
எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல."
அந்தத் 'தெரியல'வை மடித்து
மருந்துச் சீட்டோடு பையில் வைத்துக்கொண்டேன்.
இதுவரை கிடைத்ததில் அதுதான் கொஞ்சம் வேலை செய்கிறது.

எங்கள் ஊருக்கு ஒரு பழைய நக்கல் உண்டு:
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்.
"மூளை இல்லாத மாப்ள" என்று
கஸ்தூரியின் அண்ணன் ஒன்றைச் சேர்த்துச் சிரித்தான்.
நானும் சிரித்துவைத்தேன்.
சாமியைத்தான் திரும்பக் கொண்டுவந்து வைத்தாச்சே, மச்சான்,
என்ற பதில் எனக்கு வந்தபோது ராத்திரி பத்தரை.
அவன் ஆற்காடு போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பான்.

நேற்று மால்டாவிலிருந்து ஓர் அம்மா வந்தார்.
அக்குளில் புருஷனின் தலைப்படங்கள்,
பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி புருஷன்.
ரிஜிஸ்தர் எழுதினேன். முன்பணம் வாங்கினேன்.
பலகையிலிருந்து இருநூற்று ஏழை எடுத்து நீட்டி,
இந்தாங்க, உங்க...

கையில் கனக்கிறது.
பித்தளை வில்லையில் எண் இருக்கிறது.
எந்தப் பாஷையிலும் இதற்குப் பெயர் இல்லை.

அவர் காத்திருந்தார். அதில் பழகிய முகம்.
பிறகு, வீட்டில் அந்த மனுஷனுக்கு எடுத்துக் கொடுப்பதுபோல,
அவசரமே இல்லாமல்: "சாபி."
"சாவி" என்றேன்.
"சாபி" என்று திருத்தினார்.
புருஷன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து
பாதி வாயால் சிரித்தார்.

லிஃப்ட் ஓடாது என்று சொல்ல மறந்துபோனேன்.
ஞாபகம் வந்து ஓடினபோது முதல் மாடித் திருப்பத்தில் நிற்கிறார்கள்.
பெட்டியை வாங்கிக்கொண்டேன்.
எதற்கு ஏறுகிறாய் என்று
படி இந்த முறை கேட்கவில்லை.